தடிமலுக்கும் வயிற்றுக்கும் மூலிகை: முற்றத்துச் செடியா, கடைச்சரக்கா, அரசு சித்தா பிரிவா, பாட்டிலா?

குமரி மாவட்டத்துக்கு மழை வருடத்தில் இரண்டு தடவை. ஜூனில் தென்மேற்கு, அது ஓய்ந்த கையோடு அக்டோபரில் வடகிழக்கு. இரண்டு மழையிலும் வீட்டுக்கு வீடு தடிமல், இருமல், தொண்டைக் கரகரப்பு, வயிற்றுப் பொருமல். அப்போதெல்லாம் வாசகர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "எல்லாரும் மூலிகை நல்லது என்கிறார்கள். செடி வளர்க்கவா, நாட்டு மருந்துக் கடையில் பொடி வாங்கவா, சித்தா டாக்டரைப் பார்க்கவா, இல்லை மெடிக்கலில் பாட்டில் வாங்கினால் போதுமா?"

நம் ஊரில் இந்தக் குழப்பம் கொஞ்சம் அதிகம்தான். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த மாவட்டம் இது. கல்குளம், விளவங்கோடு பக்கம் ஆயுர்வேத அரிஷ்டமும் தைலமும் வீட்டுப் பொருள் மாதிரி. அகஸ்தீஸ்வரம், தோவாளை பக்கம் சித்த மருத்துவத்தின் சூரணமும் (பொடி) குடிநீரும் (கஷாயம்). இரண்டுக்கும் நடுவே, சுளுக்குக்கும் அடிக்கும் நீவி வைத்தியம் செய்யும் வர்ம ஆசான்கள். பின்னால் மலை, முன்னால் மருந்துவாழ்மலை. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது விழுந்த துண்டு என்று கதை சொல்லும் மலை அது. கைக்கு எட்டும் வழிகள் இத்தனை இருப்பதால்தான் எது எதற்கு என்று தெரியாமல் போகிறது.

நான் இங்கே எடுத்துக்கொள்வது சாதாரண உபாதைகளை மட்டும்: தடிமல், இருமல், தொண்டை வலி, செரிமானக் கோளாறு, லேசான வயிற்றுப்போக்கு, உடம்பு வலி, தோல் அரிப்பு. சர்க்கரை, இரத்த அழுத்தம், ஆஸ்துமா, கட்டி போன்றவை இந்தக் கணக்கில் வராது. மஞ்சள் காமாலையைப் பற்றி மட்டும் கடைசியில் தனியாகச் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் விடுவது தப்பு.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, அது அந்தச் செடிதானா என்பது. மற்ற எல்லாம் அப்புறம்தான். உதாரணத்துக்கு மஞ்சள் கரிசாலையை எடுத்துக்கொள்ளுங்கள். சாலையோரத்திலும் வீட்டு முன்புறத்திலும் அழகுக்காக நட்டிருக்கும் மஞ்சள் பூக்கொடி ஒன்று உண்டு. பலர் அதைத்தான் மஞ்சள் கரிசாலை என்று பறித்துத் தின்கிறார்கள். இரண்டும் உறவுக்காரச் செடிகள்தான், ஆனால் வேறு வேறு. கீழாநெல்லிக்கும் இதே கதை. அதே மாதிரி இலையும் இலைக்கடியில் காயும் உள்ள செடிகள் நம் வயல்வரப்பில் நாலைந்து வகை இருக்கின்றன.

இரண்டாவது, அளவு. மூலிகை இயற்கையானது, அதனால் எவ்வளவு குடித்தாலும் ஒன்றும் செய்யாது என்பது நம்மிடையே ஆழமாக ஊறிப்போன நம்பிக்கை. நோயைக் குறைக்கும் சக்தி ஒரு செடிக்கு இருக்கிறது என்றால் உடம்பைத் தொந்தரவு செய்யும் சக்தியும் அதற்கு உண்டு. ஆடாதொடையே சாட்சி. அதில் உள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தை உருவாக்கினார்கள். இன்று சளி சிரப்புகளில் பரவலாக இருக்கும் அம்ப்ராக்சால் அதிலிருந்து வந்தது. அதே வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும். அதனால் கர்ப்பிணிகளுக்கு ஆடாதொடை ஆகாது.

மூன்றாவது, குடிக்கப்போவது யார். கைக்குழந்தை, கர்ப்பிணி, தினமும் மாத்திரை சாப்பிடும் பெரியவர் இந்த மூன்று பேருக்கும் மற்றவர்களுக்குச் சரியாக இருப்பது சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

மீதி இரண்டும் எல்லாரும் யோசிப்பவைதான்: ராத்திரி பதினொரு மணிக்குத் தேவைப்பட்டால் கிடைக்குமா, மொத்தத்தில் எவ்வளவு செலவாகும். செலவு என்றால் கடையில் கொடுக்கும் பணம் மட்டும் இல்லை. அரை நாள் கூலி, ஆட்டோ, பாதியில் பூஞ்சை பிடித்துத் தூக்கி எறியும் பொடி எல்லாம் சேர்ந்ததுதான்.

## 1. முற்றத்துச் செடி

என் கணிப்பில், இலையாகப் பயன்படும் எதையும் வீட்டில் வைத்துக்கொள்வதே நல்லது. காரணம் செலவு அல்ல, அடையாளம். தெரிந்தவரிடமிருந்து தண்டு வாங்கி நட்டு, அது பூப்பதையும் காய்ப்பதையும் பார்த்துவிட்டால் பிறகு அந்தச் செடியில் சந்தேகமே வராது.

முதலில் வைக்க வேண்டியது கற்பூரவல்லி, மேற்கே பனிக்கூர்க்கை என்பார்கள். ஒரு தண்டை ஒடித்து மண்ணில் குத்தினால் போதும், சாகாது. அதன் வாசனைக்குக் காரணமான கார்வக்ரோல், தைமால் இரண்டும் ஓமத்தின் குடும்பச் சரக்கு. தடிமல் பிடித்த பிள்ளைக்கு இலையைத் தீயில் லேசாக வாட்டிச் சாறு பிழிந்து அரை ஸ்பூன் கொடுப்பது வழக்கம். அதில் மார்த்தாண்டம் தேன் கலப்பதும் வழக்கம். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியா பிஞ்சுக் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். தேன் எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

அடுத்து துளசி, தூதுவளை, வெற்றிலைக் கொடி, இஞ்சி, நொச்சி. தூதுவளையைத் துவையலாகவோ ரசமாகவோ சாப்பிட்டால் அது மருந்தும் சாப்பாடுமாக ஆகிவிடுகிறது. முள்ளை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். நொச்சி வேலியோரம் நின்றால் ஆவி பிடிக்கவும், உடம்பு வலிக்கு வெந்நீரில் போட்டுக் குளிக்கவும் ஆகும். குப்பைமேனியை யாரும் நட வேண்டாம், அதுவே வரும். மஞ்சளோடு அரைத்துச் சொறிக்குப் பூசலாம். சோற்றுக் கற்றாழை வெளிப்பூச்சுக்கு மட்டும் போதும். வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் வயிற்றைக் கலக்கும், அதை முழுக்க வடியவிட்டுக் கழுவாமல் பயன்படுத்தக் கூடாது.

ஆடாதொடையை வைக்கலாம், வேலிக்கும் நல்லது, ஆடு கடிக்காது. பெரிய இலை, சிறிய இலை என்று இரண்டு செடிகள் உண்டு; கேரளத்து வைத்தியர்கள் சிறிய இலையுள்ளதை விரும்புவார்கள். எதை வைத்தாலும் கஷாயம் போடும் முன் அளவை ஒரு சித்த மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, வெளியே தெரியாத செலவு. தோட்டமே இல்லாத நாகர்கோவில் மாடி வீட்டுக்காரர்கள் தொட்டியில் வைக்க வேண்டியிருக்கும். ஏப்ரல், மே வெயிலில் ஒரு வாரம் ஊருக்குப் போய்வந்தால் கற்பூரவல்லி தவிர மற்றவை கருகியிருக்கும். செடி இல்லாதபோது "வெளியே பறித்துக்கொள்ளலாம்" என்று போவதில்தான் பெரிய செலவு இருக்கிறது. வாழைத்தோப்பு வரப்பிலும் ரப்பர் தோட்டத்து ஓரத்திலும் களைக்கொல்லி அடித்திருப்பார்கள். எப்போது அடித்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. வயல்வரப்பிலும் கால்வாய்க் கரையிலும் எலி சிறுநீர் கழிக்கும்; எலிக்காய்ச்சல் பரவுவது அப்படித்தான். ஈரத்தில் புண்ணோடு இறங்கிப் பறிப்பதும், பறித்ததைக் கழுவாமல் பச்சையாகத் தின்பதும் அதை வாங்கி வருவதற்குச் சமம். பேச்சிப்பாறை, கோதையாறு பக்கத்து மலைகளின் பெரும்பகுதி வனவிலங்கு சரணாலயம். அங்கே செடி பிடுங்கச் சட்டம் இடம் தராது. காட்டு மூலிகையை அறிந்தவர்கள் மலைப் பழங்குடியினரான காணிக்காரர்கள். அவர்களுக்கே உரிய அந்த அறிவை ஒருநாள் மலையேறிப் போய் நாம் எடுத்துவர முடியாது.

இன்னொன்று, சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் மூலிகைப் பாத்தியில் அரளியோ ஊமத்தையோ செங்காந்தளோ இருக்கக் கூடாது. செங்காந்தள் கிழங்கு கடும் விஷம். பார்க்க ஏதோ தின்னும் கிழங்கு மாதிரி இருக்கும்.

முற்றம் யாருக்குச் சரி? கையளவு மண்ணாவது உள்ளவர்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ளவர்கள், மழைக்காலத்தில் ராத்திரி இருமலுக்கு உடனே ஏதாவது வேண்டும் என்பவர்கள். வேராகவோ பட்டையாகவோ விதையாகவோ பயன்படும் மருந்துகளுக்கு முற்றம் தோதுப்படாது.

## 2. நாட்டு மருந்துக் கடை

கோட்டாறு கம்போளத்தில் போய் நின்றாலே பாதித் தடிமல் போய்விடும், அவ்வளவு வாசனை. மார்த்தாண்டம், தக்கலை, குலசேகரம் என்று சந்தை உள்ள இடமெல்லாம் ஒரு நாட்டு மருந்துக் கடையாவது இருக்கும். சுக்கு, நல்லமிளகு, திப்பிலி, சித்தரத்தை, அதிமதுரம், ஓமம், கடுக்காய், கிராம்பு. காய்ந்த சரக்குக்கு இதுதான் இடம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கிராம்பும் நல்லமிளகும் நம் மலையிலேயே விளைகின்றன. கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பல்வலிக்கு ஒரு கிராம்பைக் கடித்துப் பிடித்தால் மரத்துப்போவது அதிலுள்ள யூஜெனாலால். பல் மருத்துவரிடம் போகும்வரை தாங்க உதவும், சொத்தையைச் சரிசெய்யாது.

கடைச்சரக்கில் என் ஒரே விதி: முழுதாக வாங்குங்கள், பொடியாக வாங்காதீர்கள். முழுச் சுக்கைப் பார்த்தால் பூச்சி அரித்ததா, சுண்ணாம்பு பூசியதா தெரியும். முழு நல்லமிளகை ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டால் பப்பாளி விதையும் பதரும் பெரும்பாலும் மேலே மிதக்கும். பொடியில் எதுவும் தெரியாது. மஞ்சள்பொடிக்கு நிறம் கூட்ட ஈயக் குரோமேட் கலந்த சம்பவங்கள் நம் நாட்டிலும் வங்கதேசத்திலும் பதிவாகியிருக்கின்றன. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். விரலி மஞ்சள் வாங்கி மில்லில் கொடுத்துத் திரித்தால் அந்தப் பயம் பெருமளவு குறையும்.

இருமலுக்குத் திரிகடுகம் வேண்டுமா? சுக்கு, நல்லமிளகு, திப்பிலி மூன்றையும் சம அளவு வாங்கி, வெயிலில் காய வைத்து, லேசாக வறுத்து வீட்டிலேயே பொடித்துக்கொள்ளலாம். சுக்கின் தோலை மட்டும் முதலில் சீவி விடுங்கள். சுக்குக் காப்பிக்கு இவற்றோடு மல்லி, துளசி, கருப்பட்டி. கருப்பட்டி சேர்த்தால் சர்க்கரை நோயாளிக்குப் பரவாயில்லை என்று நினைப்பவர்கள் ஏராளம். கருப்பட்டியும் சர்க்கரைதான்.

மறைந்த செலவுகள் இங்கே நான்கைந்து உண்டு. நம் ஊர் ஈரத்தில் பொடி சீக்கிரம் கட்டி தட்டிப் பூஞ்சை பிடிக்கும். கால் கிலோ வாங்கினால் பாதி குப்பைக்குத்தான். ஐம்பது கிராம் போதும், கண்ணாடிப் பாட்டிலில். அப்புறம் கடைக்காரரே வைத்தியர் ஆகிவிடும் பழக்கம். "சர்க்கரைக்கு என்ன இருக்கு?" என்று கேட்டால் ஒரு பொட்டலம் வரும், எந்தப் பெயரும் எழுதாமல். என்ன கலந்தது, எந்தத் தேதியில் பொடித்தது என்று சீட்டு ஒட்டாத கலவைப் பொடியை வாங்கவே வாங்காதீர்கள்.

அதிமதுரம் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். தொண்டைக் கரகரப்புக்கு ஒரு துண்டைச் சுவைப்பது இதமாகத்தான் இருக்கும். ஆனால் நாள்கணக்கில் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். அழுத்த மாத்திரையோ நீர் பிரியும் மாத்திரையோ சாப்பிடுபவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

வசம்பும் அப்படியே. பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் வைத்து, சுட்டுக் கரியாக்கிக் குழந்தை நாக்கில் தடவும் வீடுகள் இன்றும் உண்டு. வசம்பில் உள்ள பீட்டா அசரோன் விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கியது தெரிந்து அமெரிக்கா 1968-லேயே உணவில் அதைத் தடை செய்தது. ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே. வேறு எதையும் நாக்கில் வைக்க வேண்டிய தேவை இல்லை, பாட்டி சொன்னாலும்.

## 3. அரசு சித்தா, ஆயுர்வேதப் பிரிவு

நம் மாவட்டத்தில் இருக்கும் வசதியை நாமே போதுமான அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் ஆதங்கம். தமிழ்நாட்டின் ஒரே அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருப்பது நாகர்கோவில் கோட்டாற்றில்தான், மருத்துவமனையோடு. முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பல அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தா பிரிவு உண்டு. அரசு நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

பட்டம் பெற்ற மருத்துவர் உங்களைப் பார்த்து, நாடி பிடித்து, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுத் தருவார். ஆடாதொடை மணப்பாகு (இனிப்பு சிரப்), தாளிசாதி சூரணம், நிலவேம்புக் குடிநீர் போன்றவை அரசு நிறுவனமான டாம்ப்கால் தயாரித்து வருபவை. செடி அதுதானா, அளவு என்ன என்ற இரண்டு கேள்விகளையும் நம் தலையிலிருந்து இறக்கி வைக்கும் வழி இது. நிலவேம்புக் குடிநீர் என்றதும் நிலவேம்பு மட்டும் என்று நினைத்து, செடியை மட்டும் காய்ச்சிக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது ஒன்பது சரக்கு சேர்ந்த கலவை: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், பற்படாகம், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு.

மறைந்த செலவு நேரம். காலையில் போனால் வரிசை, திரும்பிவர மதியம். தினக்கூலிக்காரருக்கு அரை நாள் கூலி போகும். மலையோரத்திலிருந்து வருபவர்களுக்குப் பஸ் செலவும் சேரும். ராத்திரிக்கு இது உதவாது. சில நாள் சில மருந்து இருப்பு இருக்காது, வெளியே வாங்கச் சொல்வார்கள்.

பரம்பரை வைத்தியர்களையும் ஆசான்களையும் இதே இடத்தில் வைத்துப் பேசலாமா என்று கேட்பார்கள். சுளுக்கு, தசைப் பிடிப்புக்கு எண்ணெய் தடவி நீவுவதில் கைதேர்ந்தவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள், மறுக்க மாட்டேன். அடிபட்டு வீங்கியிருந்தால் மட்டும் முதலில் எக்ஸ்ரே எடுத்து எலும்பு முறியவில்லை என்று உறுதி செய்துகொண்டு போங்கள். உள்ளுக்குச் சாப்பிடப் பெயரில்லாத செந்தூரமோ பஸ்பமோ கொடுத்தால் வாங்கி வைக்காதீர்கள். முறைப்படி சுத்தி செய்யாத உலோக மருந்து சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

ஒரு வாரத்தைத் தாண்டிய இருமல், அடிக்கடி வரும் செரிமானக் கோளாறு, மூட்டு வலி, விட்டுவிட்டு வரும் தோல் அரிப்பு இவற்றுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இந்த வழியைத்தான்.

## 4. மருந்துக்கடைப் பாட்டில்

சிரப், லேகியம், தைலம், அரிஷ்டம். பஸ் ஏறும் அவசரத்தில் கையில் எடுத்துப் போக இதைவிட எளிதானது இல்லை. வேலைக்கு வெளிநாடு போயிருக்கும் மகன் பெட்டியில் கற்பூரவல்லித் தண்டு வைக்க முடியாது, ஒரு இருமல் மருந்துப் பாட்டில் வைக்கலாம்.

பார்க்க வேண்டியது லேபிளை. உற்பத்தி உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, சேர்மானங்கள் இவ்வளவும் இருக்க வேண்டும். நூல் முறைப்படி செய்த மருந்தென்றால் எந்த நூலின்படி என்றும் எழுதியிருக்கும். "மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ளவும்" என்ற எச்சரிக்கை இருந்தால் அதில் சட்டம் பட்டியலிட்ட நச்சுச் சரக்கு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். நீங்களாக வாங்கிக் குடிக்கும் மருந்து இல்லை அது. சர்க்கரை நோயை அடியோடு தீர்க்கும், உடல் பருமனைக் கரைக்கும் என்று விளம்பரம் செய்வதே 1954-ம் வருடச் சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட விளம்பரத்தோடு வரும் பாட்டிலைத் திருப்பி வையுங்கள்.

மறைந்த செலவு சர்க்கரையிலும் சாராயத்திலும் இருக்கிறது. மணப்பாகு, லேகியம் இரண்டிலும் இனிப்பு நிறைய. அரிஷ்டமும் ஆசவமும் புளிக்க வைத்துச் செய்பவை, இயல்பாகவே ஆல்கஹால் இருக்கும். பேறுகாலத்தில் தசமூலாரிஷ்டம் குடிப்பது மேற்குக் குமரியில் வழக்கம். பாலூட்டும் தாய் அதைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கல்லீரல் கோளாறு உள்ளவர், குடியை விட்டவர், சிறு பிள்ளைகள் இவர்களுக்கு அரிஷ்டம் தானாகக் கொடுக்கும் மருந்து இல்லை. தைலம் பரவாயில்லை. முறிவெண்ணெய், தன்வந்தரம் தைலம், கொட்டம்சுக்காதி போன்றவை வெளிப்பூச்சுக்கு நல்லவை, ஒரு பாட்டிலே ஆறு மாதம் வரும்.

## பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தால்

| | முற்றத்துச் செடி | நாட்டு மருந்துக் கடை | அரசு சித்தா / ஆயுர்வேதம் | பாட்டில் |
|---|---|---|---|---|
| அதுதானா என்ற உறுதி | நட்டவருக்கு முழு உறுதி | முழுச் சரக்கில் உண்டு, பொடியில் இல்லை | உண்டு | உரிம எண் இருந்தால் உண்டு |
| அளவு | கைக்கணக்கு | கைக்கணக்கு | மருத்துவர் சொல்வார் | லேபிளில் இருக்கும் |
| ராத்திரியில் | கிடைக்கும் | வாங்கி வைத்திருந்தால் | கிடைக்காது | வாங்கி வைத்திருந்தால் |
| கண்ணில் படும் செலவு | கிட்டத்தட்ட இல்லை | குறைவு | இல்லை | அதிகம் |
| மறைந்த செலவு | தண்ணீர், பராமரிப்பு, வெளியே பறிக்கும் ஆபத்து | பூஞ்சை, கலப்படம், பெயரில்லாப் பொட்டலம் | அரை நாள், பஸ் | சர்க்கரை, ஆல்கஹால் |
| பொருந்துவது | தடிமல், இருமல், தோல் பூச்சு | செரிமானம், சுக்குக் காப்பி | நாள்பட்டது எல்லாம் | பயணம், தைலம் |

## எந்த நிலையில் எது

புதிதாகப் பிடித்த தடிமலுக்கு முற்றமும் சுக்கும் போதும். ஆவி பிடிப்பதானால் பிள்ளைகளை வெந்நீர்ப் பாத்திரத்தின் முன் தனியாக உட்கார வைக்காதீர்கள்; கவிழ்ந்து வெந்துபோவது தடிமலைவிடப் பல மடங்கு கொடுமை. மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சல், மூச்சுத் திணறல், உடம்பில் சிவப்புப் புள்ளி, ஈறில் இரத்தம் என்றால் எந்த மூலிகையும் வேண்டாம், நேரே இரத்தப் பரிசோதனைக்கு. டெங்குவும் எலிக்காய்ச்சலும் தொடங்கும்போது சாதாரணக் காய்ச்சல் மாதிரிதான் தொடங்கும்.

வயிற்றுப் பொருமலுக்கு ஓமத்தண்ணீர், சுக்கு. கடைச்சரக்கு இங்கே முந்துகிறது. வயிற்றுப்போக்கில் மட்டும் எந்த மூலிகைக்கும் முன்னால் உப்புச் சர்க்கரைக் கரைசல். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லையென்றால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் சமமாக வழித்த ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கொய்யாக் கொழுந்தோ மாதுளைத் தோலோ அதற்குப் பிறகுதான். குழந்தையின் கண் குழிந்தாலோ சிறுநீர் குறைந்தாலோ மலத்தில் இரத்தம் வந்தாலோ மருத்துவமனை.

மூட்டு வலிக்கு முடக்கத்தான் தோசை நல்ல சாப்பாடு. முடக்கத்தானை மட்டும் நம்பி மூட்டு வீக்கத்தை மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். முடக்குவாதம் என்றால் தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் மூட்டு தேயும். கோட்டாறு போய் ஒருமுறை காட்டிவிட்டு, அவர்கள் சொன்ன தைலத்தைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

## மஞ்சள் காமாலை

இதில் நான்கு வழியில் எதையும் முதலாவதாக நான் சொல்ல மாட்டேன். "அந்த ஊரில் ஒரே ஒரு வேளை மருந்து, காமாலை பறந்துவிடும்" என்று கேள்விப்படாத குமரிக்காரர் இருக்க முடியாது. கண் மஞ்சளாவதற்குக் காரணங்கள் பல. தண்ணீர் வழியாக வரும் ஏ, இ வகைக் கல்லீரல் அழற்சி பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே குணமாகும். அந்தச் சமயத்தில் யார் என்ன கொடுத்திருந்தாலும் பெயர் அவருக்குத்தான் போகும். எலிக்காய்ச்சலால் வந்த காமாலைக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டும். பித்தக்குழாயில் கல் அடைத்திருந்தால் அதை எடுத்தாக வேண்டும். கர்ப்பிணிக்கு இ வகை வந்தால் உயிருக்கே ஆபத்து. இவற்றைக் கண்ணின் மஞ்சளைப் பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும்தான் சொல்லும்.

கீழாநெல்லி பொய் என்று சொல்ல வரவில்லை. சென்னை ஆய்வாளர்கள் 1988-ல் லான்செட் இதழில், பி வகைக் கிருமியைச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லி பலன் தந்ததாக எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அதன் பிறகு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதியாகவில்லை. ஆராய வேண்டிய செடி, மதிக்க வேண்டிய செடி. என்ன வகைக் காமாலை என்று தெரிந்த பிறகு, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேறு இடத்திலோ பார்க்கும் மருத்துவருக்குத் தெரிவித்து, சித்த மருத்துவர் கையால் சாப்பிடுங்கள். குழப்பம், அதிகத் தூக்கம், இரத்தக் கசிவு, விடாத வாந்தி இதில் ஒன்று வந்தாலும் 108-ஐ அழையுங்கள்.

## வீட்டில் மாத்திரை சாப்பிடும் பெரியவர் இருந்தால்

நான்கில் எதைத் தேர்ந்தாலும் இந்த ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்குப் பூண்டும் இஞ்சியும் சமையல் அளவில் சரி, லேகியமாகவும் சாறாகவும் தினமும் என்றால் இரத்தக் கசிவு கூடலாம். சர்க்கரை மாத்திரையோடு சிறுகுறிஞ்சான், பாகற்காய்ச் சாறு சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடுபவருக்கு நல்லமிளகு, திப்பிலி மருந்து அளவில் சேர்ந்தால் மாத்திரையின் அளவு இரத்தத்தில் ஏறலாம். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தால் என்னென்ன மூலிகை சாப்பிடுகிறார் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், மயக்க மருந்து கொடுப்பவர் சிலவற்றை இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார். அதனால் ஒரு தாளில் மூலிகையின் பெயர், எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து, எங்கே வாங்கியது என்று எழுதி அவருடைய மாத்திரைச் சீட்டோடு சேர்த்து வையுங்கள். பொட்டலத்தில் பெயர் இல்லாததால் எழுத முடியவில்லை என்றால், அந்தப் பொட்டலத்தை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.